தினசரி ஓட்டும் காருக்கு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் பிரித்துக் கட்டும்போது எந்தப் பாகத்தை எடுப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காலையில் வேலைக்குப் போய், நெரிசலில் நின்று நின்று, மாலையில் வீடு திரும்பும் வண்டிக்காக எழுதியது இது. டார்க் கன்வெர்ட்டரும் (இன்ஜின் சக்தியை ஆயில் வழியே பாக்ஸுக்குக் கடத்துவது) கிளட்ச் ப்ளேட்டும் உள்ள வழக்கமான ஆட்டோமேட்டிக்கைப் பற்றித்தான் பேசுகிறேன். சிவிடி, இரட்டை கிளட்ச் வகைகளின் வேலை வேறு.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலை முடிந்துபோன பாக்ஸ் கொஞ்ச நாளில் திரும்பி வந்தால், அதைத் திறக்கும்போது கிளட்ச் ப்ளேட் மட்டமான சரக்கு என்று தெரிந்தது எனக்கு அபூர்வம். அந்த ப்ளேட்டை அழுத்திப் பிடிக்க வேண்டிய ஆயில் பிரஷர் வழியில் எங்கோ கசிந்திருக்கும், அல்லது சூடு ஏறியிருக்கும். கீழே உள்ள பதில்கள் எல்லாம் இந்த இரண்டையும் சுற்றித்தான் வரும்.

பாக்ஸை இறக்கியாகிவிட்டது. எந்த கிட் வாங்குவது?

இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம். முதலில் முழுவதும் பிரியுங்கள். கழற்றிய வரிசையிலேயே மேஜை மேல் பரப்பி வையுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். எது போனது என்பது சீக்கிரம் தெரிந்துவிடும். ஏன் போனது என்பதுதான் நேரம் எடுக்கும்.

உதாரணத்துக்கு, ஜெனரல் மோட்டார்ஸின் 4எல்60ஈ பாக்ஸில் மூன்றாவது, நான்காவது கியருக்கான 3-4 கிளட்ச் கருகியிருப்பது அடிக்கடி பார்க்கும் காட்சி. புது ப்ளேட் போட்டு மூடினால் வண்டி ஓடும். ஆனால் அந்த கிளட்சை அழுத்தும் பிஸ்டனின் சீல் இறுகிப்போயிருந்தாலோ, அதற்கு ஆயில் போகும் வழியில் ரிங் தேய்ந்திருந்தாலோ, புது ப்ளேட்டும் அதே கதிக்குத்தான் ஆளாகும். கருகிய ப்ளேட்டைக் கையில் எடுத்ததும் அதன் ஆயில் வழியைப் பம்ப் வரை பின்னோக்கித் தேடிப் போங்கள். பிஸ்டன், சீல், டிரம் (ப்ளேட்டுகளை அடுக்கியிருக்கும் உருளை), ரிங், புஷ், வால்வ், பம்ப் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்த பிறகு எழுதும் பட்டியல்தான் உண்மையான பட்டியல்.

ஆயில் பேனில் கிடப்பதை வைத்து என்ன சொல்ல முடியும்?

நிறையச் சொல்ல முடியும். காந்தத்தில் மை போல ஒட்டியிருக்கும் சாம்பல் நிறக் குழம்பு எல்லாப் பாக்ஸிலும் இருக்கும், பயப்பட வேண்டாம். அதை விரலில் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். மெழுகு மாதிரி வழுக்கினால் சாதாரணத் தேய்மானம். நறநறவென்று உறுத்தினால் இரும்புத் துகள் வந்திருக்கிறது. பேரிங்கையும் பிளானட்டரி கியரையும் (நடுக் கியரைச் சுற்றிச் சின்ன கியர்கள் ஓடும் தொகுதி) நன்றாகப் பார்க்க வேண்டும். வெளிச்சத்தில் மஞ்சளாக மினுங்கினால் புஷ் அல்லது த்ரஸ்ட் வாஷர். கறுப்புச் செதில்கள் கிளட்ச் ப்ளேட்டின் லைனிங். பிளாஸ்டிக் துண்டு கிடந்தால் வாஷரோ அக்யூமுலேட்டர் பிஸ்டனோ உடைந்திருக்கலாம். அந்தத் துண்டு எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் பாக்ஸை மூடாதீர்கள்.

பேனைக் கழுவும் முன் இதைப் பார்த்துவிட வேண்டும். சுத்தம் செய்கிறேன் என்று ஆர்வத்தில் முதலில் பேனைக் கழுவிவிட்டால் இந்தத் தகவல் எல்லாம் தண்ணீரோடு போய்விடும்.

கிட்களில் என்ன வித்தியாசம்?

கேஸ்கட்டும் ரப்பரும் மட்டும் உள்ளது ஒன்று. அதோடு கிளட்ச் ப்ளேட்டும் சேர்ந்து வருவது இன்னொன்று. பேனர் கிட் என்பார்கள். கிளட்ச் ப்ளேட்டுகளுக்கு நடுவே வரும் லைனிங் இல்லாத ஸ்டீல் ப்ளேட்டும் சேர்ந்தால் மாஸ்டர் கிட். ஃபில்டர், பேண்ட் (டிரம்மைச் சுற்றி இறுக்கும் பட்டை), புஷ் எதில் இருக்கும் எதில் இருக்காது என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும், பெட்டியில் ஒட்டிய பட்டியலைப் படித்துவிட்டு வாங்குங்கள். தினசரி வண்டிக்கு மாஸ்டர் கிட்டும் புஷ் கிட்டும் என்பது என் கணக்கு.

வண்டியின் பெயரையும் வருடத்தையும் மட்டும் சொல்லிக் கேட்காதீர்கள். ஒரே வருடத்தில் பாதியில் டிரம்மையோ வால்வ் பாடியையோ (ஆயில் பிரஷரை அந்தந்த கிளட்சுக்குப் பிரித்து அனுப்பும் பாகம்) மாற்றிய பாக்ஸ்கள் உண்டு. கேஸில் அடித்திருக்கும் எண்ணையோ, ஒட்டியிருக்கும் தகட்டில் உள்ள குறியீட்டையோ கொடுங்கள். புதுப் பாகம் வந்ததும் பழையதன் மேல் வைத்துப் பாருங்கள்: பல் எண்ணிக்கை, விட்டம், கனம், ஓட்டை இருக்கும் இடம். வேலை முடிந்து வண்டி ஓடும்வரை பழைய பாகத்தில் எதையும் குப்பையில் போட வேண்டாம்.

கிளட்ச் ப்ளேட் ஒரிஜினல் வகையா, ரேஸ் வகையா?

அதிகம் கேட்கப்படுவது இதுதான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஆட்டோமேட்டிக்கில் உள்ள கிளட்ச் ப்ளேட் ஆயிலுக்குள் வேலை செய்வது. இரும்புத் தகட்டின் இரு பக்கமும் காகிதம் போன்ற நார்ப்பொருளை ஒட்டியிருப்பார்கள். அந்த நார் ஆயிலைக் குடித்து வைத்துக்கொள்ளும். ப்ளேட் நெருங்கி அழுத்தும்போது ஆயில் பிழியப்பட்டு வெளியேறும், பிடிப்பு மெதுவாக ஏறும். கியர் மாறுவது தெரியாமல் மாறுவதற்கு இந்த மெதுவான ஏற்றம்தான் காரணம். பாக்ஸை வடிவமைத்தவர்கள் வால்வ் பாடியின் பிரஷர், கம்ப்யூட்டரின் நேரக்கணக்கு, ஆயிலின் வழுக்குத்தன்மை எல்லாவற்றையும் இந்த லைனிங்கை வைத்துத்தான் கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

அதிக சூடு தாங்கும் ப்ளேட்டுகளுக்குத் தேவை இருக்கிறது. கனமான சுமை இழுப்பவர்களுக்கும், இன்ஜின் சக்தியைக் கூட்டியவர்களுக்கும் அவை வேண்டும். சும்மா வேலைக்குப் போய் வரும் வண்டிக்கு அவற்றைப் போட்டால், பல பாக்ஸ்களில் கியர் மாறும்போது வெடுக்கென்று இழுக்கும். பிடிப்பு ஏறும் விதம் மாறிவிடுவதால், பழகிக்கொள்ளும் கம்ப்யூட்டர் உள்ள பாக்ஸ்களில் அந்தக் கம்ப்யூட்டரும் திணறும். அதனால் நல்ல பெயருள்ள தயாரிப்பாளரின் ஒரிஜினல் தர ப்ளேட்டை எடுங்கள். வண்டி அடிக்கடி டிரெய்லர் இழுக்கும், மலைப்பாதையில் ஏறும் என்றால், எந்த கிளட்ச் அதிக வேலை செய்கிறதோ அந்த ஒன்றுக்கு மட்டும் உயர்ந்த தரம் போடலாம். பாக்ஸ் முழுவதும் தேவையில்லை.

இன்னொன்று, ஒரு ப்ளேட் கூடுதலாகப் போட்டால் நல்லதா என்று கேட்பார்கள். ஸ்டீல் ப்ளேட்டை மெலிதாக்கி ஒரு ப்ளேட் அதிகம் நுழைக்கும் கிட்கள் இருக்கின்றன. பிடிப்புப் பரப்பு கூடும், உண்மைதான். ஆனால் சூட்டை வாங்கி வைத்துக்கொள்வது அந்த ஸ்டீல்தான். அது மெலிந்தால் சீக்கிரம் சூடேறும். நெரிசலில் நொடிக்கொரு தரம் கியர் மாறும் வண்டிக்கு ஒரிஜினல் எண்ணிக்கையே எனக்குத் திருப்தி.

போடும் முன் புது ப்ளேட்டுகளை அதே ஆயிலில் ஊற வையுங்கள். அரை மணி நேரமாவது ஊறட்டும். காய்ந்த ப்ளேட்டைப் போட்டு வண்டியை எடுத்தால் முதல் சில நிமிடத்திலேயே லைனிங் கருகிப் பளபளப்பாகிவிடும், அப்புறம் அது பழைய பிடிப்புக்கு வராது.

பழைய ஸ்டீல் ப்ளேட்டைத் திரும்பப் போடலாமா?

நீலம் பாய்ந்திருந்தால், கறுப்புப் புள்ளிகள் இருந்தால், கண்ணாடி மேஜையில் வைத்தால் ஆடினால் கூடாது. இவை எதுவும் இல்லை, சமமாக, ஒரே நிறத்தில் இருக்கிறது என்றால் போடலாம், பலர் போடுகிறார்கள். நான் புதிதாகவே போடுவேன். பாக்ஸை மறுபடி இறக்கி ஏற்றும் உழைப்பை நினைத்தால் இது சின்னச் செலவு.

கனத்தை மட்டும் மைக்ரோமீட்டரில் அளந்து பாருங்கள். ஒரே டிரம்முக்குள் இரண்டு கனத்தில் ஸ்டீல் வைக்கும் பாக்ஸ்கள் உண்டு. அலை போல வளைந்த ஒரு ப்ளேட் தனியாக வரும். அதை வளைந்துபோன ப்ளேட் என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிட்டு, கியர் மாறும்போது ஏன் இடிக்கிறது என்று தேடியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ப்ளேட்டுகளுக்கு இடையே எவ்வளவு இடைவெளி?

உங்கள் பாக்ஸின் சர்வீஸ் மேனுவலில் உள்ளதுதான் சரியான அளவு. மேனுவல் இல்லாமல் கை வைக்க வேண்டாம். பொதுவாகச் சொல்வதானால், லைனிங் ஒட்டிய ப்ளேட் ஒன்றுக்கு சுமார் 0.25 மில்லிமீட்டர் என்று பலர் கணக்கு வைப்பார்கள். 6 ப்ளேட் என்றால் 1.5 மில்லிமீட்டர் அளவில் வரும். ஃபீலர் கேஜை சர்க்ளிப்புக்கு அடியில் நுழைத்துப் பார்க்கும் வேலை இது, ஒரு டிரம்முக்கு இரண்டு நிமிடம்.

அளவு கூடினால் கியர் பிடிக்கத் தாமதமாகும். குறைந்தால் கிளட்ச் விடுபட்ட பிறகும் ப்ளேட்டுகள் உரசிக்கொண்டே சுற்றும், ஓட ஓட எரியும். பல கனங்களில் கிடைக்கும் சர்க்ளிப்பையோ பிரஷர் ப்ளேட்டையோ மாற்றித்தான் அளவைக் கொண்டு வர வேண்டும். பாகம் வாங்கும் பட்டியலில் இவற்றுக்கும் ஒரு வரி ஒதுக்கி வையுங்கள்.

எல்லா ரப்பரையும் மாற்ற வேண்டுமா? சில சீல் நன்றாகத்தான் இருக்கிறது.

எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். பழைய பிஸ்டன் சீலை எடுத்து விரலால் மடக்கிப் பாருங்கள். பார்வைக்கு நன்றாக இருக்கும், மடக்கினால் பிளாஸ்டிக் மாதிரி விறைப்பாக நிற்கும், சில சமயம் டக்கென்று உடையும். ஆண்டுக்கணக்கில் சூடான ஆயிலில் கிடந்தது அது. வண்டி சூடாக இருக்கும்போது பாக்ஸ் ஒழுங்காக ஓடி, காலையில் முதல் தடவை கியர் போடும்போது மட்டும் சில நொடி தாமதிக்கிறது என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்த இறுகிய ரப்பரைத்தான்.

ஒரு முறை எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஃபார்வர்ட் டிரம்மில் பிஸ்டனை இறக்கும்போது லேசாக ஒரு இடத்தில் தடுத்தது. கொஞ்சம் அழுத்தினேன், இறங்கிவிட்டது. காற்று வைத்துப் பார்க்காமல் மேலே கட்டிக்கொண்டு போனேன். வண்டியில் ஏற்றியதும் டிரைவ் பிடிக்க மூன்று நொடி ஆனது. மறுபடி இறக்கிப் பிரித்தால், சீலின் உதடு ஒரு அங்குல நீளத்துக்கு மடங்கி, டிரம்மின் விளிம்பில் அறுபட்டுக் கிடந்தது. இரண்டு நாள் வேலை அந்த ஒரு அங்குலத்தில் போனது. அதற்குப் பிறகு, டிரம்மின் விளிம்பில் கூர்மை இருந்தால் முதலில் மழிக்கிறேன், சீலுக்குத் தாராளமாக வாசலின் தடவுகிறேன், மெல்லிய கம்பியால் உதட்டைச் சுற்றிலும் உள்ளே தள்ளிக்கொண்டே இறக்குகிறேன். உதடு எப்போதும் பிரஷர் வரும் பக்கம் பார்த்திருக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு முறையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கிறேன்.

டிரம்மைக் கட்டி முடித்ததும் ஆயில் துளையில் கம்ப்ரசர் காற்றை 2 முதல் 3 பார் அளவில் விடுங்கள். பிஸ்டன் தொப்பென்று ஒரு சத்தத்தோடு ஏற வேண்டும், காற்றை எடுத்ததும் இறங்க வேண்டும். உஸ்ஸென்று சத்தம் தொடர்ந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

வாங்கும்போது கவனிக்க: இரும்பின் மேலேயே ரப்பரை வார்த்த பிஸ்டன் என்றால் ரப்பர் மட்டும் தனியாகக் கிடைக்காது, பிஸ்டனையே மாற்ற வேண்டும். டெஃப்ளான் ரிங்கில் வெட்டு இல்லாத முழு வளையத்தைப் போட, விரிக்கும் கருவியும் மறுபடி சுருக்கும் கருவியும் தேவை. அந்தக் கருவி இல்லாவிட்டால், உங்கள் பாக்ஸுக்குச் சாய்வாக வெட்டிய ரிங் கிடைக்கிறதா என்று கேளுங்கள்.

புஷ் எல்லாம் மாற்றுவது வீண் செலவு இல்லையா?

பணத்தைப் போட வேண்டிய இடமே இதுதான் என்பேன். புஷ் என்பது ஷாஃப்டைத் தாங்கும் மெல்லிய உலோக வளையம். பார்வைக்கு அற்பமாகத் தெரியும். அது தேய்ந்தால் ஷாஃப்ட் நடுவில் நிற்காது. ஷாஃப்ட் ஆடினால் அதன் மேல் இருக்கும் சீல் ரிங் ஒரு பக்கமாகத் தேயும், பிரஷர் கசியும், கிளட்ச் முழு அழுத்தம் கிடைக்காமல் வழுக்கும், கருகும். கடைசியில் பழி கிளட்ச் ப்ளேட் மேல் விழும்.

முன்பக்க ஆயில் சீல் மாற்ற மாற்ற ஒழுகுகிறதா? பம்ப்பில் உள்ள புஷ்ஷைப் பாருங்கள். கன்வெர்ட்டரின் கழுத்துக் குழாயை பம்ப்புக்குள் நுழைத்துக் கையால் ஆட்டினால் தெரிந்துவிடும். லொடலொடவென்று ஆடினால் எந்த உயர்ந்த சீல் போட்டாலும் நிற்காது.

புது புஷ் அடிக்கும்போது, ஆயில் துளை உள்ள இடங்களில் புஷ்ஷின் துளையும் உடம்பின் துளையும் நேருக்கு நேர் வர வேண்டும். சரியான அளவு டிரைவர் வைத்து இறக்குங்கள். சாக்கெட்டை வைத்துச் சுத்தியால் அடித்தால் விளிம்பு நசுங்கும்.

பம்ப்பைப் பிரித்து கியர் ஓடும் முகத்தைப் பாருங்கள். நகம் சிக்கும் அளவுக்குக் கோடு விழுந்திருந்தால் பம்ப்பை மாற்றுவதே மேல். பிரஷர் பிறக்கும் இடமே அதுதான்.

டார்க் கன்வெர்ட்டரைக் கழுவிப் போட்டால் போதாதா?

போதாது. கன்வெர்ட்டர் என்பது பற்றவைத்து மூடிய பாத்திரம். அதற்குள் போன கருகல் துகளையும் உலோகத் தூளையும் வெளியிலிருந்து கழுவி முழுவதும் எடுக்க வழியில்லை. கழுவிவிட்டோம் என்று திரும்ப மாட்டினால், மிச்சமிருப்பது புது வால்வ் பாடிக்குள் போய்ச் சேரும். கிளட்ச் கருகிய பாக்ஸ் என்றால் கன்வெர்ட்டர் மாற்றியே ஆக வேண்டும். புதியது கிடைக்காவிட்டால், வெட்டித் திறந்து, உள்ளே பேரிங்கும், இன்ஜினையும் பாக்ஸையும் நேராகப் பூட்டும் லாக்-அப் கிளட்சின் லைனிங்கும் மாற்றி, மறுபடி பற்றவைத்து, கசிவும் பேலன்ஸும் சோதித்துத் தருபவர்களிடம் வாங்குங்கள்.

லாக்-அப் லைனிங் எந்தப் பொருள் என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும். பழைய பாக்ஸ்களில் லாக்-அப் கிளட்ச் பிடித்தால் பிடிக்கும், விட்டால் விடும். பிறகு வந்த பல பாக்ஸ்களில் கம்ப்யூட்டர் அதைக் கொஞ்சம் வழுக்க விட்டே ஓட்டும். அதிர்வு தெரியாமல் இருக்கவும் எரிபொருள் மிச்சமாகவும் அப்படிச் செய்கிறார்கள். இப்படித் தொடர்ந்து வழுக்கும் வேலைக்குப் பழைய வகைக் காகித லைனிங் தாங்காது, பளபளப்பாகி நடுக்கம் கொடுக்கும். அங்கே கார்பன் இழையில் நெய்த லைனிங் வேண்டும்.

ஸ்டால் வேகம், அதாவது வண்டி நிற்கும்போது கன்வெர்ட்டர் இன்ஜினை எவ்வளவு சுற்ற விடும் என்ற அளவு, ஒரிஜினலாகவே இருக்கட்டும். உயர்ந்த ஸ்டால் கன்வெர்ட்டர் போட்டால் சிக்னலில் எடுப்பு வேகமாக இருக்கும் என்று ஆசை காட்டுவார்கள். கன்வெர்ட்டர் வழுக்கும் ஒவ்வொரு சுற்றும் ஆயிலில் சூடாகச் சேரும், எரிபொருளும் கூடும்.

மாட்டும்போது கன்வெர்ட்டரைச் சுழற்றிச் சுழற்றி உள்ளே தள்ளுங்கள். படிப்படியாக ஒவ்வொரு கட்டமாக உட்காருவது கையில் தெரியும். பாக்ஸை இன்ஜினோடு போல்ட் முடுக்கியதும், கன்வெர்ட்டருக்கும் ஃப்ளெக்ஸ் ப்ளேட்டுக்கும் நடுவே இடைவெளி இருக்க வேண்டும். பல பாக்ஸ்களில் அது 3 முதல் 5 மில்லிமீட்டர். இடைவெளியே இல்லாமல் இறுகினால் கன்வெர்ட்டர் முழுக்க உட்காரவில்லை. போல்ட் போட்டு இழுக்க நினைத்தீர்களானால் இன்ஜின் ஸ்டார்ட் ஆன நொடியில் பம்ப் உடையும்.

வால்வ் பாடி, சோலினாய்டு, ஷிஃப்ட் கிட்: இதில் எது அவசியம்?

வால்வ் பாடியைப் பிரித்துக் கழுவி, ஒவ்வொரு வால்வையும் அதன் துளையில் ஆயில் தொட்டு நுழைத்துப் பாருங்கள். பாடியைச் சாய்த்தால் வால்வ் தன் எடையில் தானாக வழுக்கி வர வேண்டும். சிக்கினால் அழுக்கு அல்லது கீறல். பக்கவாட்டில் ஆடினால் துளை தேய்ந்திருக்கிறது. 4எல்60ஈ-யில் கன்வெர்ட்டர் கிளட்ச் (லாக்-அப்) ரெகுலேட்டர் வால்வின் துளை தேய்வதும், பி1870 என்ற கோளாறுக் குறியீடு வந்து வழுக்கல் காட்டுவதும் வேலை தெரிந்தவர்கள் அனைவருக்கும் பழக்கமானது. இதற்குப் புது பாக்ஸ் வேண்டாம். துளையை ரீமர் விட்டுப் பெரிதாக்கிப் போடும் தடித்த வால்வுகளை சோனாக்ஸ் போன்றவர்கள் செய்கிறார்கள். ரீமர் பழக்கம் இல்லை என்றால் சரிசெய்து சோதித்த வால்வ் பாடியை வாங்குவது பாதுகாப்பு.

உள்ளே இருக்கும் உருண்டைகள் எங்கெங்கே எத்தனை என்று தூக்கும் முன் படம் எடுங்கள். ஒன்று இடம் மாறினாலும் ஒரு கியர் போய்விடும்.

சோலினாய்டை (மின்சாரத்தில் ஆயில் வழியைத் திறந்து மூடுவது) மீட்டர் வைத்து ஓம் பார்த்துவிட்டு நல்லது என்று முடிவு கட்டாதீர்கள். மீட்டர் சொல்வது காயிலைப் பற்றி மட்டும். உள்ளே ஆயிலை அடைக்கும் முனை தேய்ந்ததை அது சொல்லாது. பிரஷரைக் கட்டுப்படுத்தும் சோலினாய்டையாவது புதிதாகப் போடுங்கள், உள் வயரிங்கையும் சேர்த்து. ஜெர்மனியின் இசட்எஃப் செய்த 6எச்பி வகை பாக்ஸாக இருந்தால், வயர் பிளக் நுழையும் இடத்து சீல் உறையையும், மெக்கட்ரானிக்குக்கும் (வால்வ் பாடியும் கம்ப்யூட்டரும் ஒன்றாக உள்ள பாகம்) பாக்ஸுக்கும் நடுவே உள்ள ரப்பர் இணைப்புகளையும் மறக்காமல் மாற்றுங்கள். அவற்றில் ஃபில்டரும் ஆயில் பேனும் ஒரே பிளாஸ்டிக் துண்டாக வருவதால் அதையும் பட்டியலில் சேருங்கள்.

ஷிஃப்ட் கிட் என்பது வால்வ் பாடியில் மாற்றிப் போடும் ஸ்பிரிங் போன்ற பாகங்கள். அது கியர் மாறும் நேரத்தைக் குறைக்கும், வழுக்கல் குறையும், ப்ளேட் அதிக நாள் வரும். இதெல்லாம் உண்மை. பெரும்பாலான கிட்டில் மென்மையான அமைப்பு, கடுமையான அமைப்பு என்று இரண்டு மூன்று வழி கொடுத்திருப்பார்கள். தினசரி வண்டிக்கு மென்மையானதைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு கியருக்கும் முதுகில் குத்துவது போல இடித்தால், அந்த இடி முழுவதையும் டிரம்மும் ஷாஃப்டும்தான் வாங்குகின்றன.

டிரம், ஷாஃப்ட், கியர் போன்றவற்றைப் பழையதாக வாங்கலாமா?

தாராளமாக. நல்ல நிலையில் உள்ள பழைய ஒரிஜினல் டிரம், பெயர் தெரியாத புது டிரம்மைவிட நம்பகம். பிளானட்டரியில் சின்ன கியர்களைத் தனித்தனியாகச் சுற்றிப் பாருங்கள், மேலும் கீழும் எவ்வளவு ஆடுகிறது என்று ஃபீலர் வைத்து அளந்து மேனுவலோடு ஒப்பிடுங்கள். நீலம் பாய்ந்தது எதுவும் வேண்டாம்.

இங்கே ஒரு விதிவிலக்கு. உடைவதற்கென்றே பெயர் வாங்கிய பாகத்தைப் பழையதாகத் திரும்பப் போடக் கூடாது. 4எல்60ஈ-யின் சன் ஷெல் (பிளானட்டரியின் நடுக் கியரைச் சுழற்றும் உறை) அப்படிப்பட்டது. உடைந்தால் இரண்டாவது, நான்காவது, ரிவர்ஸ் மூன்றும் ஒரே நாளில் போகும். அதற்குக் கெட்டிப்படுத்திய ஷெல் கிடைக்கிறது. நன்றாக இருக்கிறதே என்று பழையதை விட்டுவைக்காமல் மாற்றிவிடுங்கள். உங்கள் பாக்ஸில் அப்படி எது என்று தெரிந்துகொள்வது, எல்லாவற்றையும் உயர்தரமாக வாங்குவதைவிடப் பல மடங்கு பலன் தரும்.

கேபிள் வைத்த பழைய பாக்ஸ் என்னுடையது. தனியாக ஏதாவது உண்டா?

உண்டு. 1982-ல் வந்த 700ஆர்4 போன்ற பாக்ஸ்களில் ஆக்சிலரேட்டரோடு சேர்ந்து இழுபடும் டிவி (த்ராட்டில் வால்வ்) கேபிள்தான் உள் பிரஷரைத் தீர்மானிக்கிறது. அது தளர்வாக இருந்தால் வண்டி மென்மையாக ஓடுவது போலத் தெரியும், உள்ளே பிரஷர் இல்லாமல் கிளட்ச் எரிந்துகொண்டிருக்கும். பிசிறு விட்ட கேபிளை மாற்றுங்கள், மேனுவல்படி சரிசெய்யாமல் வண்டியை ரோட்டில் எடுக்காதீர்கள்.

எந்த ஆயில்?

பாக்ஸைச் செய்தவர் சொன்ன ஆயில். இதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை. கிளட்ச் ப்ளேட்டும் ஆயிலும் ஜோடி. ஃபோர்டின் பழைய டைப் எஃப் ஆயிலில் வழுக்குத்தன்மை தரும் சேர்மானம் கிடையாது, அதனால் கிளட்ச் சட்டென்று கவ்வும். ஜெனரல் மோட்டார்ஸின் டெக்ஸ்ரான் வகையில் அந்தச் சேர்மானம் உண்டு, மெதுவாகக் கவ்வும். ஒன்றின் இடத்தில் மற்றதை ஊற்றினால் பாக்ஸின் குணமே மாறிவிடும். அந்தச் சேர்மானத்துக்கு ஒரு காலத்தில் திமிங்கல எண்ணெயைப் பயன்படுத்தினார்கள் என்பது பலருக்குத் தெரியாது. 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் அதற்குத் தடை வந்த பிறகு ஆயில் கலவையையே மாற்ற வேண்டியிருந்தது.

1989-ல் வந்த கிரைஸ்லர் ஏ604 பாக்ஸில், அதற்குரிய ஆயிலுக்குப் பதில் டெக்ஸ்ரான் ஊற்றியதால் நடுக்கமும் கோளாறும் வந்த வண்டிகள் ஏராளம். ஹோண்டாவின் ஆட்டோமேட்டிக்குகளில் பெரும்பாலானவை பிளானட்டரி இல்லாமல் இணையான ஷாஃப்டுகளில் கியர் வைத்தவை, அவற்றுக்கு ஹோண்டாவின் ஆயிலே நல்லது. எல்லா வண்டிக்கும் ஆகும் என்று போட்ட ஆயிலை, புதிதாகக் கட்டிய பாக்ஸில் நான் ஊற்ற மாட்டேன்.

தனி கூலர் வேண்டுமா?

சுமை இழுத்தாலோ, வெயிலில் நெரிசலில் அதிகம் நின்றாலோ நல்லது. ஆயில் 80 டிகிரி செல்சியஸ் அளவில் ஓடுவது நல்ல நிலை. அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு 11 டிகிரிக்கும் ஆயிலின் ஆயுள் பாதியாகக் குறையும் என்பது இந்தத் தொழிலில் பொதுவாகச் சொல்லும் கணக்கு. சூடு கூடினால் முதலில் ஆயில் போகும், பிறகு ரப்பர் இறுகும், கடைசியில் ப்ளேட். கடுங்குளிர் உள்ள இடமானால் தெர்மோஸ்டாட் உள்ள கூலராகப் பாருங்கள்.

தனி கூலர் போடாவிட்டாலும், இருக்கும் கூலரை அப்படியே விடாதீர்கள். போன பாக்ஸின் குப்பை அதற்குள்தான் கிடக்கிறது. இரண்டு பக்கமும் மாறி மாறிக் கழுவுங்கள், ஆயில் தாராளமாக ஓடுகிறதா என்று பாருங்கள். சந்தேகமாக இருந்தால் மாற்றுங்கள்.

ரேடியேட்டர் தண்ணீர் ஆயிலில் கலந்துவிட்டது. ப்ளேட் பார்க்க நன்றாக இருக்கிறதே?

பார்வையை நம்ப வேண்டாம். லைனிங்கை ஒட்டிய பசையைத் தண்ணீரும் கூலண்டும் இளக்கிவிடும். இன்று ஒட்டியிருப்பது அடுத்த மாதம் உரிந்து வரும். எல்லா ப்ளேட்டும், பேண்டும், கன்வெர்ட்டரும், கசிந்த ரேடியேட்டரும் மாற வேண்டும்.

பணம் பத்தவில்லை. எதில் குறைக்கலாம்?

நல்ல நிலையில் உள்ள பழைய டிரம், பிளானட்டரி, அளவு சரியாக இருக்கும் ஸ்டீல் ப்ளேட், தேயாத பேண்ட். இவற்றில் குறைக்கலாம். அலுமினியம் பேன், ரேஸ் ப்ளேட், பளபளக்கும் மூடி எல்லாம் வேண்டவே வேண்டாம். சீல், புஷ், ஃபில்டர், கன்வெர்ட்டர், ஆயில் இந்த ஐந்தில் கை வைக்காதீர்கள். அப்படியும் முடியவில்லை என்றால், வேலையை ஒரு மாதம் தள்ளிப்போடுங்கள்.

கட்டி ஏற்றியாகிவிட்டது. அப்புறம்?

கம்ப்யூட்டர் உள்ள பாக்ஸ் என்றால், பழைய தேய்ந்த கிளட்சுக்குப் பழகிய கணக்கு அதில் இருக்கும். ஸ்கேனர் வைத்து அதை அழித்து, தயாரிப்பாளர் சொன்ன முறையில் மறுபடி பழக விடுங்கள். இதைச் செய்யாமல் கியர் இடிக்கிறது என்று பாக்ஸை மறுபடி இறக்கியவர்கள் உண்டு.

ஆயில் அளவை மேனுவல் சொல்லும் சூட்டில் பாருங்கள். டிப் ஸ்டிக் உள்ள பெரும்பாலான பாக்ஸில் சூடான பின், இன்ஜின் ஓடும்போது. இசட்எஃப் 6எச்பி-யில் ஆயில் 30 முதல் 50 டிகிரி இருக்கும்போது, அதுவும் இன்ஜின் ஓடும்போதுதான். குறைந்தால் பம்ப் காற்றை இழுக்கும். கூடினால் சுற்றும் பாகங்கள் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும். விளைவு இரண்டிலும் ஒன்றுதான், கிளட்ச் வழுக்கும்.

முதல் சில நூறு கிலோமீட்டர் சுமை இழுக்காமல், மிதித்து எடுக்காமல் ஓட்டுங்கள். ஆயிரம் கிலோமீட்டர் வாக்கில் பேனை ஒரு முறை இறக்கி, காந்தத்தில் இருப்பதை விரலில் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். மெல்லிய சாம்பல் பூச்சு மட்டும் இருந்து, நறநறப்பு இல்லையென்றால், காந்தத்தைத் துடைத்து, புது கேஸ்கட் போட்டு மூடி, குறைந்த ஆயிலை நிரப்பி ஓட்டலாம்.